சுண்டக் குழம்பும் பால்மரக் காடும்

ஓர் இனத்தின் வரலாற்றைக் கல்வெட்டிலும் அரசாங்க ஆவணத்திலும் மட்டுமே தேடுவோர், அடுப்படியில் கிடக்கும் சான்றுகளைக் காணாது போய்விடுவர். முதல்நாள் சமைத்த கறியில் மிஞ்சியதை மறுநாள் ஒரு குடும்பம் என்ன செய்தது என்னும் வினா மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், அக்குடும்பம் எவ்வளவு கூலி பெற்றது, எந்நேரத்தில் வேலைக்குப் புறப்பட்டது, எவருக்கு அஞ்சி வாழ்ந்தது என்பவற்றையெல்லாம் அவ்வினாவின் விடை சொல்லிவிடும். பேராக் மாநிலத் தோட்டத் தமிழரின் சுண்டக் குழம்பு அத்தகையதொரு சான்றாகும்.

1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது, பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த முப்பது ஆண்டுகளில் ரப்பர் பெருந்தொழிலாயிற்று. காடழித்து மரம் நடவும் பால் எடுக்கவும் தமிழகச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் வழியே மக்கள் திரட்டப்பட்டனர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறியவர்கள் பினாங்கில் வந்திறங்கினர். அவர்கள் கொண்டுவந்த மூட்டை சிறியது; அடுப்படி அறிவோ பெரியது. பழைய சோற்றை நீரூற்றி வைப்பதும், மிஞ்சிய குழம்பைச் சுண்ட வைப்பதும் அவ்வறிவில் அடங்கும். தமிழகத்தின் தென்கோடியில் பொங்கலுக்குச் சமைத்த காய்கறிகளுள் மிஞ்சியவற்றை ஒன்றாகக் கொதிக்க வைத்துப் பல நாள் உண்பர். அதற்குப் பழங்கறி என்பது பெயர். தாயகத்தில் திருநாளை ஒட்டிய சுவையாக இருந்த இவ்வழக்கம், தோட்டத்து லயத்தில் அன்றாடத் தேவையாக மாறிற்று.

இதற்குக் காரணம் பால்மரமே. காலைக் குளிர்ச்சியில்தான் மரம் நன்கு பால் சுரக்கும். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். ஆதலின் பொழுது புலருமுன்னரே பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ஆணுக்கு நிகராக மரம் வெட்டப் போகும் பெண், அதற்கு முன் எழுந்து, குழந்தையை ஆயாக் கொட்டகையில் சேர்த்துவிட்டு ஓடவேண்டியவள். அவளுக்குக் காலையில் உலை வைக்க நேரமில்லை. மாலையில் ஆக்கியதே மறுநாள் பசியாறலுக்கும் ஆகவேண்டும்.

அதற்கென அவள் கையாண்ட முறை எளியது, ஆனால் நுட்பமானது. தேங்காய்ப்பால் சேர்ந்த கறி விரைவில் கெடும் என்பதை அறிந்து, அதை முதலில் உண்டு முடித்தாள். புளிக்குழம்பில் எஞ்சிய கத்தரிக்காயும் முருங்கைக்காயும், பொரியலில் எஞ்சிய கீரையும் ஒரே மண்சட்டியில் சேர்ந்தன. அவற்றைத் தணலின் மேல் வைத்து நீர் வற்றும்வரை கொதிக்க விட்டாள். கொதி கிருமியைக் கொன்றது. நீர் வற்றியதால் உப்பும் புளியும் செறிந்து, மீண்டும் கெடுவதைத் தாமதப்படுத்தின. நீரூற்றிய சோற்றிலோ நொதித்தலால் லாக்டிக் அமிலம் உண்டாயிற்று. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில், உணவை ஓரிரவு காப்பாற்றிய கலை இது. எந்தத் தோட்டக் கணக்கேட்டிலும் இவ்வுழைப்புக்குப் பற்று எழுதப்படவில்லை.

மிச்சத்தைப் போற்றியவர் தமிழர் மட்டுமல்லர். துரைமார் பிறந்த இங்கிலாந்தில், ஞாயிறன்று வாட்டிய இறைச்சியோடு பரிமாறிய உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மிஞ்சினால், திங்களன்று அவற்றை நசுக்கி வாணலியில் பிரட்டுவர். வாணலியில் எழும் ஓசையைக் கொண்டு அதற்குப் 'பபுள் அண்டு ஸ்குவீக்' என்று பெயர் வழங்கிற்று. மரியா ரண்டெல் 1806-இல் வெளியிட்ட சமையல் நூலில் அது மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் சேர்ந்த உணவு. 1940 முதல் 1954 வரை அந்நாட்டில் இறைச்சி பங்கீட்டில் இருந்தது. அக்காலத்தில் அவ்வுணவு பெரும்பாலும் காய்கறி உணவாகவே நிலைத்தது. ஈப்போவின் கண்டோனியச் சீனர்களோ, பெருநாள் விருந்தில் எஞ்சிய வாட்டிய வாத்து, கோழி, பன்றி இறைச்சி ஆகியவற்றைக் கடுகுக் கீரை, காய்ந்த மிளகாய், புளி சேர்த்துக் கொதிக்க வைத்துச் 'சோய் கியோக்' என்பர். மூன்று இனத்தாரின் அடுப்பிலும் ஒரே கருத்து வெந்தது. ஆயினும் முதலிரண்டும் விருந்தின் மிச்சம். லயத்தில் வெந்ததோ பற்றாக்குறையின் மிச்சம். 1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும் பெண்ணின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டதை நினைத்தால் இவ்வேறுபாடு விளங்கும்.

1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ சப்பானியர் வசமாயிற்று. அரிசி மறைந்து மரவள்ளிக் கிழங்கே உணவாகிய அவ்வாண்டுகளில் சுண்ட வைக்க ஏதும் மிஞ்சவில்லை. தோட்டத்து ஆடவர் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாதொழிந்தனர்.

போர் முடிந்தும் அமைதி நிலைக்கவில்லை. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் கொல்லப்பட்டனர். அதையொட்டிப் பிறந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு எட்டலாகாது என்பது அரசின் திட்டம். அரிசி அளந்து விற்கப்பட்டது. தகர டின்கள், விற்கும்போதே கடையில் துளையிடப்பட்டன. கம்பிவேலி வாயிலில் தொழிலாளரின் பாத்திரங்கள் சோதிக்கப்பட்டன. வேலைக்காட்டுக்கு உணவு கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. 1950-களின் பிற்பகுதியில் சில வட்டாரங்களில் அரிசியே விற்காமல், பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய சோற்றையே வழங்கினர். அரிசியைப் பதுக்கி வைக்கலாம். ஆக்கிய சோறோ இந்நாட்டு வெப்பத்தில் விரைந்து கெட்டுவிடும். எதைக் கெடாமல் காக்கத் தமிழ்ப்பெண் உப்பும் புளியும் நெருப்பும் கொண்டு முயன்றாளோ, அது கெடும் என்பதையே அரசு தன் படைக்கலமாகக் கொண்டது. முதல்நாள் மிச்சத்தைத் தூக்கில் எடுத்துச் செல்வதுகூடக் குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. வெறும் வயிற்றோடு நண்பகல்வரை மரம் வெட்டிய மக்களின் பசி, அவசரகால வரலாறுகளில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவது அரிது.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் எழுந்தன. லயங்களை விட்டு மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். குளிர்ப்பெட்டி வந்தது, திருமண மண்டபங்களில் பாதி உண்ட வாழையிலைகள் குப்பைக்குச் செல்வதும் வழக்கமாயிற்று.

பழைய வறுமையைப் பொற்காலமென்று போற்றுவது பொய்யாகும். வேறு வழியின்றி உண்டவர்களின் துன்பத்தைச் சிக்கனம் என்னும் அழகிய பெயரால் மூடிவிடலாகாது. எனினும், அத்துன்பத்தினூடே வளர்ந்த அறிவு மெய்யானது. அதை எழுதி வைத்தவர் இல்லை. கைவழியே கற்றுக் கைவழியே கொடுத்தனர். அவசரகாலத்தில் வாயிற்சோதனையைக் கடந்து வேலைக்குச் சென்ற பெண்களுள் இன்றும் வாழ்வோர் முதுமையின் எல்லையில் உள்ளனர். பேராக்கின் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தம் பாட்டிமாரிடமும் பூட்டிமாரிடமும் அமர்ந்து, அன்று சட்டியில் என்ன இருந்தது, ஏன் இருந்தது என்று கேட்டு எழுதுவாராயின், ஏட்டில் ஏறாத வரலாற்றின் ஒரு பகுதியேனும் மீட்கப்படும். அதற்கு எஞ்சியுள்ள காலம் மிகக் குறைவு.