வானூர்தியும் அது சுமக்கும் தாள்களும்

1909 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25 ஆம் நாள் விடியற்காலையில், லூயி பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் கலே நகரின் அருகிலிருந்து தம் சிறு விமானத்தில் புறப்பட்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, டோவர்க் கோட்டையை அடுத்த புல்வெளியில் வந்திறங்கினார். பறந்த நேரம் ஏறக்குறைய 37 நிமிடம். அவரிடம் திசைகாட்டி கூட இல்லை. உலகம் முழுவதும் இச்செயலைக் கொண்டாடியது. டோவர்ச் சுங்க அதிகாரிகளுக்கோ வேறொரு கவலை. அயல்நாட்டிலிருந்து ஒருவர் வந்துள்ளார். அவர் வந்த கலத்தை எந்தப் படிவத்தில் பதிவது? கப்பல்களுக்கென அச்சிட்டு வைத்திருந்த சுகாதாரச் சான்றையே அவர்கள் எடுத்தனர். பிளேரியோவைக் கப்பல் தலைவர் என்றும், அவருடைய விமானத்தைக் கலம் என்றும் எழுதி, வழியில் தொற்றுநோய் ஏதும் காணாமையால் கலம் மேற்செல்லலாம் என்று அனுமதி வழங்கினர்.

இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருவது இயல்பே. ஆயினும் அந்த அதிகாரிகள் செய்தது மடமை அன்று. எல்லை கடந்து வரும் எதனையும், அது யாருடையது, யார் ஓட்டி வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது அரசுகளின் நெடுநாள் வழக்கம். அக்கேள்விகளுக்கு விடை தரும் தாள்களைக் கப்பல்கள் பல நூற்றாண்டுகளாகச் சுமந்து வந்தன. அவ்வழக்கம் கடலினின்று வானத்துக்கு ஏறிய வரலாற்றையே ஈண்டுக் காண்போம்.

பிளேரியோ பறப்பதற்கு முந்திய ஆண்டிலேயே, ஜெர்மானியப் பலூன்கள் பல காற்றின் போக்கில் எல்லை தாண்டிப் பிரெஞ்சு மண்ணில் இறங்கின. அவற்றுள் இராணுவ அதிகாரிகளும் இருந்தனர் என்பது பிரான்ஸ் நாட்டை உறுத்தியது. 1910 ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் பாரிஸில் கூடி இதுபற்றிப் பேசின. உடன்பாடு எதிலும் கையெழுத்தாகாமல் கலைந்தன. பின்னர் வந்த பெரும்போர், வானத்திலிருந்து என்ன வந்து விழக்கூடும் என்பதை எல்லா நாடுகளுக்கும் கற்பித்துவிட்டது. 1919 அக்டோபர் 13 ஆம் நாள் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் 19 ஆம் விதி, அயல்நாடு செல்லும் விமானம் எடுத்துச் செல்லவேண்டிய பத்திரங்களை வரையறுத்தது. விமானத்தின் பதிவுச் சான்று, பறக்கும் தகுதிச் சான்று, விமானியின் உரிமப் பத்திரம், பயணிகள் இருந்தால் அவர்களுடைய பெயர்ப் பட்டி, சரக்கு இருந்தால் அதன் விவரம், பயணக் குறிப்பேடு, கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்தால் அதற்குரிய உரிமம் ஆகியவை அவை. புறப்படும்போதும் இறங்கும்போதும் இவற்றைச் சோதிக்கும் உரிமை அதிகாரிகளுக்கு உண்டு என்பது 21 ஆம் விதி. 1944 டிசம்பர் 7 இல் சிகாகோவில் உருவான ஒப்பந்தத்தின் 29 ஆம் விதியும் ஏறக்குறைய இதே பட்டியலைத் திரும்பச் சொல்கிறது. இன்று உலகெங்கும் நடைமுறையில் இருப்பது அதுதான்.

இந்தப் பட்டியலை ஊன்றிப் பார்த்தால் ஒன்று புலனாகும். இத்தாள்களுள் எதுவும் விமானிக்கு வழி காட்டாது. மலை எங்கே, ஆறு எங்கே, இறங்கும் திடல் எங்கே என்பதை இவை சொல்வதில்லை. நீ யார் என்று அரசு கேட்பதற்கு விடை சொல்லும் தாள் வேறு; நான் எங்கே இருக்கிறேன் என்று விமானி கேட்பதற்கு விடை சொல்லும் தாள் வேறு. முன்னது அச்சத்தில் பிறந்தது. பின்னது உயிர் பிழைக்கும் தேவையில் பிறந்தது; அதை விமானிகளே உண்டாக்கிக் கொள்ள வேண்டியிருந்தது.

1930 ஆம் ஆண்டு மே மாதம் ஏமி ஜான்ஸன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியே ஒரு சிறிய மாத் விமானத்தில் பறந்ததை நம் நாட்டு முதியோர் சொல்லக் கேட்டவர்கள் இருக்கலாம். மே 18 இல் அவர் சிங்கப்பூர்ச் செலித்தாரில் இறங்கினார். வானொலிக் கருவி அவரிடம் இல்லை; வரைபடமும் கண்ணுமே துணை. சிங்கப்பூருக்கு வருமுன், மழையும் மேகமும் கவிந்த வேளையில் ரங்கூன் குதிரைப் பந்தயத் திடலைத் தேடி, அது அகப்படாமல், இன்செயினில் ஒரு கல்விக்கூட விளையாட்டுத் திடலில் இறங்கினார். விமானம் ஒரு பள்ளத்தில் மூக்குக் குத்தி, சுழல்விசிறியும் சிறகும் சேதமுற்றன. பதிவுச் சான்று எத்தனை ஒழுங்காக இருந்தாலும் அந்தப் பள்ளத்தை அது காட்டியிராது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இக்குறையை நீக்க முயன்றவர் எல்ரி ஜெப்பெசன். 1930 ஆம் ஆண்டில் போயிங் விமானப் போக்குவரத்து நிறுவனத்தில் தபால் சுமக்கும் விமானியாகச் சேர்ந்தார். ராக்கி மலைத்தொடரைக் கடக்கும் வழி அது. அன்றைய விமானிகள் மோட்டார்ச் சாலை வரைபடங்களையும் கீழே ஓடும் இருப்புப் பாதையையும் நம்பிப் பறந்தவர்கள். பனிக்காலத்தில் தோழர்கள் பலர் மாண்டனர். ஜெப்பெசன் 10 காசு கொடுத்து ஒரு கறுப்புக் குறிப்பேடு வாங்கினார். திடல்களின் நீள அகலம், அருகிலுள்ள மரங்கள், கம்பிகள், மலைகளின் உயரம் அனைத்தையும் அதில் எழுதினார். உயரமானியை எடுத்துக்கொண்டு குன்றுகளின் மேலும் புகைபோக்கிகளின் மேலும் ஏறி அளந்து வந்தார். வழியிலிருந்த குடியானவர்களின் தொலைபேசி எண்களையும் குறித்துக்கொண்டார். புறப்படுமுன் கூப்பிட்டு, அங்கே வானம் எப்படி என்று கேட்கலாம் அல்லவா? தோழர்கள் அதைப் படியெடுக்கக் கேட்டனர். 1934 முதல் 10 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கினார். பின்னாளில் உலகின் விமானிகள் பலர் சுமந்த கனத்த வரைபடக் கோப்புகள் இந்த ஏட்டின் வழி வந்தவையே. எந்த அரசும் ஆணையிடாமல், எந்த மாநாடும் கூடாமல் இது நடந்தது என்பது நம் கவனத்துக்குரியது.

இனி, இருவகைத் தாள்களையும் ஒருங்கே கேலிக்கு உள்ளாக்கிய ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். டக்ளஸ் கொரிகன், லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலைக் கடந்த விமானத்தைக் கட்டிய தொழிலாளருள் ஒருவர். தாமும் அவ்வாறே கடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1929 இல் செய்யப்பட்ட பழைய கர்ட்டிஸ் ராபின் விமானம் ஒன்றை வாங்கிச் சீர்செய்து, 1935 முதல் பன்முறை அனுமதி கேட்டார். அந்த விமானம் கடல் கடக்கத் தகுதியற்றது என்று அதிகாரிகள் ஒவ்வொரு முறையும் மறுத்தனர். மறுத்தது முறையே என்பது என் கருத்து. கூடுதல் எண்ணெய்த் தொட்டிகளை முன்னே அடுக்கியிருந்தமையால் நேரே எதிரில் இருப்பதை அவரால் பார்க்கவும் முடியாது. 1938 ஜூலை 17 காலை, நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்குத் திரும்புவதாகச் சொல்லிப் புறப்பட்டார். மேற்கே போகவேண்டியவர் கிழக்கே போனார். 28 மணி 13 நிமிடம் கழித்து அயர்லாந்தில் டப்ளின் நகரை அடுத்த பால்டானலில் இறங்கினார்.

அவரிடம் கடவுச்சீட்டு இல்லை. அயர்லாந்தில் இறங்கும் அனுமதியும் இல்லை. இருந்த வரைபடமோ நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியா செல்லும் வழியைக் குறித்தது! மேகத்தில் வழி தவறியது, திசைகாட்டியைத் தலைகீழாகப் படித்துவிட்டேன் என்றார். சாகும்வரை, அஃதாவது 1995 வரை, அந்தச் சொல்லை மாற்றவில்லை. அவர் மீறிய விதிகளை எடுத்துரைக்க அதிகாரிகளுக்கு 600 சொற்கள் கொண்ட தந்தி வேண்டியிருந்ததாம். தண்டனை என்ன? 14 நாட்கள் உரிமம் நிறுத்தம். அவர் கப்பலில் நியூயார்க் திரும்பிய ஆகஸ்டு 4 ஆம் நாளோடு அதுவும் தீர்ந்தது. ஊரே திரண்டு ஊர்வலம் நடத்தியது. இதில் வியப்பு என்னவென்றால், வழி காட்டவேண்டிய வரைபடம் அவருக்கு வழி காட்டவில்லை. குற்றமற்றவர் என்று காட்டுவதற்கே பயன்பட்டது. தாள் பேசியது; அதை நம்புவதா இல்லையா என்று அதிகாரிகள் தலையைச் சொறிந்தனர்.

விமானத்தில் ஏறாமல் தரையிலேயே தங்கிவிடும் தாள் ஒன்றும் உண்டு. எங்கிருந்து எங்கே, எந்நேரம் என்று எழுதிக் கொடுக்கும் பயணத் திட்டமே அது. 1987 மே 28 ஆம் நாள், 18 வயதுடைய ஜெர்மானிய இளைஞர் மத்தியாஸ் ருஸ்ட், பின்லாந்தின் மால்மி நிலையத்தில் ஸ்டாக்ஹோம் செல்வதாகத் திட்டம் கொடுத்துவிட்டு, ஒரு செஸ்னா 172 விமானத்தில் சோவியத் எல்லைக்குள் நுழைந்து, அன்று மாலை மாஸ்கோ செஞ்சதுக்கத்தின் பக்கத்தில் இறங்கினார். சோவியத் பாதுகாப்பு அமைச்சர் சொகொலொவ் பதவி இழந்தார். ருஸ்ட் ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். இவை பலரும் அறிந்தவை. பின்லாந்தில் நடந்ததைப் பலர் அறியார். கண்காணிப்புத் திரையிலிருந்து அவ்விமானம் மறைந்ததும், கடலில் விழுந்துவிட்டது எனக் கருதி மீட்புக் குழுவினர் விரைந்தனர். நீரில் எண்ணெய்ப் படலம் ஒன்றைக் கண்டு அங்கே தேடினர். எழுதிக் கொடுத்த திட்டத்தை நம்பி, இல்லாத ஒரு பிணத்தைத் தேடிக்கொண்டிருந்தனர் அவர்கள். கொரிகனை எண்ணிச் சிரிக்கும் எவரும் இங்கே சிரிப்பது கடினம்.

மின்னணுக் காலம் வந்தபோது, இருவகைத் தாள்களும் ஒன்றுபோல் மாறவில்லை. வழிகாட்டும் தாள்கள் விரைந்து மாறின. 2010 இல் ஐபேட் என்னும் பலகைக் கணினி விற்பனைக்கு வந்ததும், அமெரிக்கச் சிறு விமானிகள் அதனை மடியில் வைத்துப் பறக்கத் தொடங்கினர். 28 நாளைக்கு ஒருமுறை புதிய தாள்களைக் கோப்பில் மாற்றிச் செருகும் தொல்லை நீங்கிற்று. பெரிய விமானங்களும் பின்தொடர்ந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013 இல் விமானி ஒருவர் சுமந்த 16 கிலோ தாள்மூட்டையை அகற்றியது. 2015 ஏப்ரலில், வாஷிங்டன் விமான நிலைய வரைபடம் ஒன்று இருமுறை பதிவாகியிருந்ததால் செயலி நின்றுபோய், அந்நிறுவனத்தின் விமானங்கள் பல புறப்பட முடியாமல் காத்து நின்றன. வெயிலில் சூடேறிக் கருவி அணைந்துவிடுவது சிறு விமானிகள் நன்கறிந்த தொல்லை. அதனால் மடித்த தாள் வரைபடம் ஒன்றை இருக்கைக்குப் பின்னே வைத்திருப்போர் இன்றும் பலர்.

அரசு கேட்கும் தாள்களோ மெல்லவே நகர்கின்றன. அமெரிக்காவில் பறக்கும் தகுதிச் சான்றை வாயிலருகிலோ உள்ளேயோ எவரும் படிக்கும்படி வைக்கவேண்டும் என்பது விதி. 2002 முதல் விமானி தம் உரிமத்துடன் புகைப்பட அடையாளமும் வைத்திருக்கவேண்டும். ஐரோப்பிய விதிப்படி சிறு விமானிகள் பெரும்பாலான பத்திரங்களின் படிகளைக் கொண்டு செல்லலாம். பதிவுச் சான்றுக்கும் தகுதிச் சான்றுக்கும் மட்டும் மூலமே வேண்டும். போர் விமானம் வந்து மறித்தால் என்ன சைகை செய்வது என்று விளக்கும் தாளும் அப்பட்டியலில் உண்டு. புறப்பட்ட திடலிலேயே திரும்பி இறங்குவோர் பத்திரங்களைத் தரையில் விட்டுச் செல்ல இசைவு உள்ளது. விமானியின் உரிமத்தை மின்னணு வடிவில் காட்டலாம் என்ற விதி அனைத்துலக அளவில் 2022 இல்தான் நடைமுறைக்கு வந்தது. சீனாவுக்கு அடுத்ததாக இந்தியா 2025 பிப்ரவரியில் அதனைத் தன் விமானிகளுக்கு வழங்கத் தொடங்கியது.