பின்கண்ணாடியில் பூ விழுந்த கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, எழுதினா நம்ம மானம் போகுமேன்னு தள்ளிப் போட்டுட்டே வந்த மேட்டர் இது. போனா போகுது, இருக்கிறதே கொஞ்சம் மானம்தான் :-)

கோயமுத்தூர்ல என் நண்பன் ஒருத்தன் பழைய ஜெர்மன் கார் வெச்சிருக்கான். தொண்ணூறுகளின் நடுவில் வந்த சொகுசு வண்டி. அப்ப அந்த வண்டி தெருவுக்குள்ள வந்தா, கல்யாண வீட்டுக்காரங்களே வாசலுக்கு வந்து நிப்பாங்க. இவன் வாங்கினது மூணாவது கையா. கம்பெனி பேர் வேண்டாம், இது வண்டியைக் குத்தம் சொல்ற பதிவு இல்லை. குத்தம் என் மேல.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு வண்டியின் பின்கண்ணாடியைக் காட்டினான். கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையா ஒரு திட்டு. துடைச்சா போகலை. உள்பக்கம் துடைச்சோம், வெளிப்பக்கம் துடைச்சோம். ம்ஹூம். ரெண்டு பக்கமும் இல்லாம நடுவுல இருக்கு! கண்ணுல பூ விழுந்த மாதிரி.

"மாத்திடலாமாடா?" ன்னு கேட்டான்.

சும்மா இருந்திருக்கலாம். நமக்குத்தான் வரலாறுன்னா வாய் நிக்காதே. கார்வெட் கதையை எடுத்து விட்டேன்.

உங்களுக்கும் சொல்லிடறேன். 1963-ல் அமெரிக்காவில் செவர்லே கம்பெனி கார்வெட் ஸ்டிங் ரே-ன்னு ஒரு கார் விட்டாங்க. அதோட கூபே மாடலில் பின்கண்ணாடி ஒண்ணு இல்லை, ரெண்டு. நடுவுல மேலிருந்து கீழ் வரைக்கும் முதுகெலும்பு மாதிரி ஒரு பட்டை. ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் தலைவர் பில் மிட்சலுக்கு அந்தப் பட்டை மேல் அப்படி ஒரு பிரியம். கார்வெட்டின் இன்ஜினியர் சோரா ஆர்கஸ்-டன்டவ் ஒரேயடியா எதிர்த்தார். டிரைவருக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியாதுய்யா, எடுன்னு சண்டை. அந்த வருஷம் ஜெயிச்சது மிட்சல். ஆனா 1964 மாடலிலேயே பட்டை போய் ஒரே கண்ணாடி வந்துடுச்சு.

இப்பதான் கூத்து. 63 மாடல் வெச்சிருந்தவங்களில் சிலர், நம்ம வண்டியும் புது மாடல் மாதிரி இருக்கட்டும், பின்னாடியும் நல்லாத் தெரியட்டும்னு பட்டையை அறுத்து எறிஞ்சுட்டு 64-ன் ஒற்றைக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டாங்க. காலம் போச்சு. ரெட்டைக் கண்ணாடி வந்தது அந்த ஒரே வருஷம்தான், மொத்தம் 10,594 கூபே. சேகரிக்கிறவங்க அதைத் தேடி அலைய ஆரம்பிச்சாங்க. பட்டையை அறுத்தவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க. வோக்ஸ்வேகன் பீட்டிலிலும் இதே கதைதான். 1953 மார்ச் வரைக்கும் அதிலும் பின்னாடி ரெட்டைக் கண்ணாடி, அப்புறம் முட்டை வடிவில் ஒண்ணு. அங்கேயும் நடுப்பட்டையை அறுத்தவங்க உண்டு.

"அதனால ஒரிஜினல் கண்ணாடியை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதடா" ன்னு தீர்ப்பு சொல்லிட்டு, அவன் வீட்டு காபியும் குடிச்சுட்டு வந்துட்டேன். அவனுக்கும் புதுக் கண்ணாடி விலையைக் கேட்டதுலேர்ந்து மனசு இல்லை. என் வாக்கு தோதா அமைஞ்சுடுச்சு.

ரெண்டு வருஷம் ஓடிச்சு. கட்டைவிரல் உள்ளங்கை ஆச்சு. உள்ளங்கை முறம் ஆச்சு. மூலைகளிலிருந்து கிளம்பி ஓரம் முழுக்க வெள்ளை படர்ந்து, நடுவுல மட்டும் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தெளிவு. ரிவர்ஸ் கேமரா மாட்டுடான்னா பம்பரில் ஓட்டை போடணும், மாட்டேன்னான். அதுவும் ஒரிஜினலாம். நான் சொல்லிக் கொடுத்த பாடம்தான்.

அப்புறம் ஒரு மார்கழி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு, சொந்தக்காரங்க வீட்டில் தங்கி, விடியறதுக்கு முன்னாடி கிளம்பறோம். நல்ல பனி. கண்ணாடி சூடாக்கற சுவிட்சைப் போட்டான், வெளிப்பனி போச்சு. உள்ளே இருக்கிற வெள்ளை எங்கே போகும்? பின்னாடி டெம்போக்காரன் ஹெட்லைட் வேற. அந்த வெளிச்சம் பட்டதும் கண்ணாடி மொத்தமும் டியூப்லைட் மாதிரி எரியுது. ரிவர்ஸ் எடுக்கறான். நான் முன் சீட்டில் அரைத் தூக்கம்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" ன்னு ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தா, வாசலில் குனிஞ்சு கோலம் போட்டுட்டிருந்த ஒரு அம்மா, கோலப்பொடிக் கிண்ணத்தோட சுவத்தை ஒட்டி நிக்கறாங்க. அவங்களுக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு முழம். பின் சக்கரம் கோலத்து மேல. சத்தம் போட்டது அவங்க பேத்தி, பத்து வயசு இருக்கும். அந்தம்மா திட்டலை. "ஏனுங் தம்பி, கண்ணு தெரியலீங்களா?" ன்னு மட்டும் கேட்டாங்க. மரியாதையாக் கேட்டதுதான் தாங்கலை.

வண்டி ஊர் வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை. அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு உறைச்சுது. கார்வெட் கதையில் நான் ஏலக்காரன் பக்கம் நின்னு பேசியிருக்கேன். ஓட்டறவன் பக்கம் நின்னு பேசினவர் டன்டவ். பின்னாடி தெரியாதுய்யான்னு அவர் சொன்னது 63-லும் சரி, இன்னிக்கும் சரி. அந்தக் காரின் விலை ஏறினதால அவர் சொன்னது பொய் ஆயிடுமா?

சரி, இந்தப் 'பூ' எங்கிருந்து வருதுன்னு தேட ஆரம்பிச்சேன். நூறு வருஷத்துக் கதை கிடைச்சுது.

எதுவார் பெனடிக்டஸ்-னு ஒரு பிரெஞ்சுக்காரர். ஓவியர், வேதியியலும் தெரியும். 1903-ல் அவர் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்துச்சு. விரிசல் விட்டுச்சு, ஆனா சிதறலை. என்னன்னு பார்த்தா, முன்னாடி அதில் இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ஞ்சு, உள்சுவரில் மெல்லிய தோலா ஒட்டியிருக்கு. அந்தக் காலத்து கார்களில் சாதாரண ஜன்னல் கண்ணாடிதான். மோதினா கத்தி கத்தியா உடைஞ்சு முகத்தைக் கிழிக்கும். பாரிஸில் அப்படி நடந்த விபத்துச் செய்திகளைப் படிச்சதும் அவருக்குக் குடுவை ஞாபகம் வந்துச்சு. ரெண்டு கண்ணாடிக்கு நடுவே செல்லுலாய்டு வெச்சு ஒட்டி 1909-ல் காப்புரிமை வாங்கினார். மூணு அடுக்கு, அதனால பேர் டிரிப்ளெக்ஸ். முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிக்குப் போச்சு. 1927 டிசம்பரில் வந்த ஃபோர்டு மாடல் ஏ-வில் முன்கண்ணாடியா சாதாரண ஜனங்க கைக்கும் வந்துடுச்சு.

ஒரே வியாதி, செல்லுலாய்டு வெயிலில் மஞ்சளாகும். கொஞ்ச வருஷத்தில் டிரைவர் டீ டிகாஷன் வழியாத்தான் ரோட்டைப் பார்க்கணும். இன்னொரு வியாதி, ஓரம் வழியா ஈரம் ஏறும். அதனால கண்ணாடியைச் சுத்தி ஓரத்தை அடைச்சு விற்பாங்க. அடைப்பு விட்டுப் போச்சுன்னா அடுக்கு பிரியும். 1930-களின் பிற்பகுதியில் பாலிவினைல் பியூட்டிரால் வந்துச்சு. சுருக்கமா பிவிபி. மஞ்சளாகாது, குளிரில் நொறுங்காது, ஓரம் அடைக்க வேண்டாம். இன்னிக்கும் எல்லா கார் முன்கண்ணாடிக்குள்ளேயும் இருக்கிறது பெரும்பாலும் இதுதான். சாதாரணமா முக்கால் மில்லிமீட்டர் கனம்.

ஆனா பிவிபிக்கும் தண்ணின்னா ஆசை. சுத்தி இருக்கிற ரப்பர் காய்ஞ்சு இறுகி, மழைத் தண்ணி ஓரத்திலேயே தேங்கி நின்னா, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். உறிஞ்சின இடத்தில் ஒட்டு விடும். அந்த வெள்ளைதான் நம்ம பூ. அந்தக் காலத்து சில சொகுசு கார்களில் பின்கண்ணாடியையும் இதே மாதிரி மூணு அடுக்கா செஞ்சு, நடுவுல மயிரிழைக் கம்பி ஓட்டிச் சூடேத்தினாங்க. நண்பன் வண்டியும் அந்த ரகம். முன்கண்ணாடியில் கல் அடிச்ச சின்னக் குழின்னா ரெசின் ஊத்திச் சரி பண்ணலாம், மேல் அடுக்கு மட்டும்தானே போயிருக்கும். அடுக்கு பிரிஞ்சதுக்கு மருந்தே இல்லை. ஊசி போட்டு ஒட்டறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இப்போ பெரும்பாலான கார்களில் பின்கண்ணாடி வேற ஜாதி. ஒரே அடுக்கு, டெம்பர்டு. இதோட பாட்டன் கதை இன்னும் பழசு. உருகின கண்ணாடியைச் சொட்டுச் சொட்டா தண்ணியில் விட்டா, தலைப்பிரட்டை மாதிரி ஒரு உருண்டையும் வாலும் கிடைக்கும். தலையைச் சுத்தியலால் அடிச்சாலும் உடையாது. வால் நுனியை லேசாக் கிள்ளினா மொத்தமும் படார்! தூள். இளவரசர் ரூபர்ட் இதை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்குக் காட்ட, ராஜா 1661-ல் ராயல் சொசைட்டிக்கு அனுப்பி, ஏன்யா இப்படின்னு கேட்டார். ராபர்ட் ஹூக் 1665-ல் தன் புத்தகத்தில் இதைப் பத்தி எழுதியிருக்கார். ஆனா விரிசல் ஓடறதை நேரில் பார்க்க 1994 ஆச்சு. சந்திரசேகர், சௌத்ரின்னு ரெண்டு விஞ்ஞானிகள் அதிவேக கேமராவில் பிடிச்சாங்க. வாலிலிருந்து தலைக்கு விரிசல் ஓடற வேகம் நொடிக்கு சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல்!

சூட்சுமம் இதுதான். மேல்தோல் முதல்ல குளிர்ந்து இறுகிடும். உள்ளே அப்புறமா குளிர்ந்து சுருங்கி, தோலை உள்பக்கமா இழுக்கும். தோல் இறுக்கத்தில், உள்ளே இழுபறியில். தோல் நல்லா இருக்கிற வரைக்கும் எமகாதகன். விரிசல் தோலைத் தாண்டிட்டா முடிஞ்சுது. 1874-ல் பிரான்ஸில் தெ லா பாஸ்தி-னு ஒருத்தர் தண்ணிக்குப் பதிலா சூடான எண்ணெயில் முக்கி இதைத் தொழிலாக்கப் பார்த்தார். கொஞ்சம் சிக்கல், அவர் பண்ணின பாத்திரங்களில் சிலது அலமாரியில் சும்மா இருக்கும்போதே வெடிச்சுது. அப்புறம்தான் 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி காத்தை ஊதி குளிர வைக்கிற முறை வந்து, கார் ஜன்னலுக்கும் பின்கண்ணாடிக்கும் அதுவே நிலைச்சுது. இது உடையறதுக்கே ஐ.நா.வில் விதி இருக்கு தெரியுமா? 43-ம் எண் விதி. உடைச்சா 5 செ.மீ. சதுரத்துக்குள்ள குறைஞ்சது 40 துண்டாகணும். பெரிய துண்டு வந்தாத்தான் ஃபெயில்!

பின்கண்ணாடி நொறுங்கினதில் சரித்திரத்தில் நின்ன சம்பவம் ஒண்ணு. 1962 ஆகஸ்ட் 22, பாரிஸுக்கு வெளியே பெத்தி-கிளாமார். பிரெஞ்சு அதிபர் டிகால், மனைவி, முன் சீட்டில் மருமகன். சித்ரோவன் டிஎஸ் கார். பதுங்கியிருந்தவங்க 150க்கும் மேல் குண்டு பொழிஞ்சாங்க. டயர் போச்சு, பின்கண்ணாடி தலைக்குப் பின்னாடி சிதறிச்சு. டிரைவர் ஃபிரான்சிஸ் மாரூ நிறுத்தாம மிதிச்சார், அந்தக் காரின் விசேஷ சஸ்பென்ஷன் தாங்கிச்சு. விமானதளம் போய் இறங்கி, கண்ணாடித் துகளைத் தட்டி விட்டுக்கிட்டு நடந்தார் டிகால். டிக்கியில் மறுநாள் சாப்பாட்டுக்கு வாங்கின கோழி இருந்துச்சு, அம்மையாருக்கு அந்தக் கவலை. எந்த ஊரா இருந்தா என்ன :-)

அந்த காருக்குப் பின்கண்ணாடி எப்ப மாத்தறதுன்னு யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க. நொறுங்கினா நாள் பார்க்க முடியாது. பூ விழறதுதான் பேஜார். இன்னிக்கு இருக்கிறதுக்கும் நேத்து இருந்ததுக்கும் வித்தியாசமே தெரியாது. கண்ணு பழகிடும். வண்டிக்காரனை விட, எப்பவாவது ஏறுற ஆளைக் கேட்டா உண்மை தெரியும். எதிர்வெயிலிலும், ராத்திரி பின்னாடி லைட் அடிக்கும்போதும் நடுக் கண்ணாடியில் பார்க்கணும். அதில் தெரியற பகுதிக்குள்ள வெள்ளை ஒரு விரல் நுழைஞ்சாலும் அன்னிக்கே மாத்தணும். ஓரத்தில் மட்டும்னா ரப்பரை மட்டும் மாத்தி கொஞ்ச நாள் தள்ளலாம். இது என் கணக்கு. முறத்துக்கு அப்புறம் போட்ட கணக்கு.

மாத்தறதும் லேசில்லை. புதுப்பேட்டை வரைக்கும் போய் பழசு ஒண்ணு பார்த்தோம். அதே வருஷத்து கண்ணாடி, வெயிலில் தூக்கிப் பிடிச்சா அதோட மூலையிலும் கட்டைவிரல் அகலம். அப்படியே கீழே வெச்சுட்டு வந்தோம். கடைசியில் வெளியூரில் சொல்லி வெச்சு, ஒத்தை அடுக்கு டெம்பர்டு கண்ணாடி, சூடாக்கற கோடு அச்சடிச்சது, புதுசாவே வந்துச்சு. ஒரிஜினல் முத்திரை இல்லை. நண்பன் பணம் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

மாட்டின அண்ணன் பழசை இறக்கி வெச்சு, "இது இருக்கட்டுங்களா, தூக்கிடலாங்களா?" ன்னு கேட்டார். இருக்கட்டும்னுட்டான். இப்ப அவன் வீட்டு மொட்டை மாடியில் சுவத்தில் சாஞ்சு நிக்குது. போன மழைக்கு இன்னும் ரெண்டு விரல் உள்ளே வந்திருக்கு.

பி.கு: போன மார்கழியில் அந்த வழியாப் போனப்ப நிறுத்தி அந்தம்மாவைப் பார்த்தோம். புதுக் கண்ணாடியைக் காட்டினான். சுத்தி வந்து பார்த்துட்டு, "அட, இப்ப உள்ள உக்காந்திருக்கறது யாருன்னே தெரியுதுங்களே" ன்னாங்க. பேத்தி மட்டும் வண்டி கிளம்பற வரைக்கும் கோலத்துக்கு முன்னாடி காவலுக்கு நின்னுச்சு.