பட்டுப்புழுவைக் கொன்ற பூஞ்சை அரிசியைக் காக்குமா?



நுண்ணுயிர்களைப் பற்றிக் கற்பிக்கும்போது ‘நன்மை தருவன’, ‘தீமை தருவன’ என இரு பட்டியல் இடுவது நம் வழக்கம். ஒரே பூஞ்சை இரண்டிலும் இடம்பெறுமா என்று ஒரு மாணவர் வினவினால் என்ன விடை கூறுவோம்? இடம்பெறும் என்பதற்கு வரலாறே சான்று.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் பட்டுப்புழுக்கள் உடலெங்கும் வெண்பொடி பூத்து, விறைத்து மடிந்தன. சட்டம் பயின்ற அகொஸ்தினோ பாசி, 1807இல் இதன் காரணத்தை ஆராயத் தொடங்கினார். கண்பார்வை மங்கிவந்தும் அவர் தளரவில்லை. உயிருள்ள ஒரு பூஞ்சையே அந்நோயைப் பரப்புகிறது என்று 1835இல் நூல் வெளியிட்டார். அப்பூஞ்சை இன்று ‘பியூவேரியா பாசியானா’ என அவர் பெயராலேயே வழங்குகிறது.

பட்டுப்புழுவைக் கொல்வது பயிர்ப்பகையையும் கொல்லாதா? இவ்வழியில் சிந்தித்தவர் இலியா மெச்னிகோவ். 1879இல் ஒடெசாவில், கோதுமையை அழித்த வண்டுகளைத் தாக்கும் பச்சை நிறப் பூஞ்சையை அவர் ஆய்ந்தார். 1884இல் கிராசில்ஷிக் என்பார் உக்ரைனின் ஸ்மேலா நகரில் அதன் வித்துகளைப் பெருமளவில் உற்பத்தி செய்து, சர்க்கரைக் கிழங்கு வயல்களில் தூவினார்.

இவ்விரு பூஞ்சைகளும் இயல்பாக மண்ணில் வாழ்பவை. பூச்சி இவற்றை உண்ண வேண்டியதில்லை. உடலில் ஒட்டிய வித்து முளைத்து, மேலோட்டைத் துளைத்து உட்புகுந்து, சில நாள்களில் பூச்சியைக் கொன்றுவிடும்.

கிடங்குத் தானியங்களைக் காக்கப் பாஸ்பீன் என்னும் நச்சுவாயு பயன்படுகிறது. பல நாடுகளில் வண்டுகள் அதனைத் தாங்கப் பழகிவிட்டன. ஆகவே, அறிவியலாளர்கள் அரிசி வண்டின்மீதும் பாசியின் பூஞ்சையைச் சோதித்துள்ளனர். டயட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓட்டுத்துகளைக் கலந்தால், அது பூச்சியின் மெழுகுப் படலத்தைச் சிதைத்துப் பூஞ்சைக்கு வழிவிடுகிறது. எனினும், தானியத்தை உலர்வாகவே வைக்க வேண்டும். பூஞ்சையோ ஈரப்பதத்தில்தான் நன்கு முளைக்கும். நச்சுவாயுவின் இடத்தை அது இன்னும் முழுமையாகப் பெறாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குத் தெளிவுபடுத்துங்கள்: வீட்டு அரிசியில் பிடிக்கும் பூசணம் வேறு, அதனை உண்ணலாகாது.

அடுத்த முறை அரிசியில் வண்டு தென்பட்டால், புடைத்துக்கொண்டே பாசியின் கதையைக் கூறுங்கள். பட்டியலில் கோடு எங்கே இடுவது என்பதைப் பிள்ளைகளே சிந்திக்கட்டும்.