கேஸ் ஷீட் எழுதிய தளபதி

ஒரு கேஸ் சொல்றேன். டயக்னோசிஸ் என்னன்னு யோசிச்சுக்கிட்டே படிங்க.

நேற்று வரை நல்லா இருந்த ஆள். திடீர்னு தலையில் கடுமையான சூடு, கண் சிவந்து எரிச்சல். தொண்டையும் நாக்கும் ரத்தச் சிவப்பு, மூச்சில் நாற்றம். பிறகு தும்மல், குரல் கம்மல், நெஞ்சைப் பிளக்கும் இருமல். நோய் வயிற்றுக்கு இறங்கியதும் பித்த வாந்தி, அப்புறம் ஒன்றும் வராத வெறும் ஓங்கரிப்பு. தோல் சிவந்து சின்னக் கொப்புளங்கள், புண்கள். தொட்டால் பெரிய சூடு இல்லை. ஆனால் உள்ளே எரிகிற எரிச்சலில் மெல்லிய துணிகூட உடம்பில் படக்கூடாது. தாகம் தாங்காமல் தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்தவர்கள் உண்டு. 7 அல்லது 9ஆம் நாள் மரணம். அதைத் தாண்டினால் பேதி வந்து பலர் போனார்கள். பிழைத்தவர்களில் சிலருக்கு விரல்கள் போயின, சிலருக்குப் பார்வை போனது. சிலருக்குத் தான் யார், சொந்தக்காரர்கள் யார் என்பதே மறந்துபோனது.

இதை எழுதியவர் டாக்டர் இல்லைங்க. ஏதென்ஸின் படைத்தளபதி. பெயர் துசிடிடீஸ். எழுதிய நோய் கி.மு. 430இல் அந்த ஊருக்கு வந்தது. அவருக்கே அந்த நோய் வந்து பிழைத்திருக்கிறார். அதைப் பற்றி அவர் சொல்வது ஒரே வரி: எனக்கும் வந்தது, மற்றவர்கள் படுவதையும் பார்த்தேன். அவ்வளவுதான்.

பின்னணி சுருக்கமா. கி.மு. 431இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் தொடங்கியது. தரையில் ஸ்பார்ட்டாவோடு மோத வேண்டாம் என்று பெரிகிளீஸ் கிராமத்து மக்களை எல்லாம் நகரச் சுவருக்குள் அழைத்துக்கொண்டார். தங்க வீடில்லை. கோடை வெயிலில் காற்றில்லாத குடிசைகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். இதைப் படிக்கும்போதே பொது சுகாதாரத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

நோய் முதலில் பிரேயஸ் துறைமுகத்தில் வந்தது. உடனே வதந்தி: எதிரி தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலந்துட்டான்! இன்னொரு பக்கம் பெரியவர்கள் ஒரு பழைய அருள்வாக்கைத் தோண்டி எடுத்தார்கள். போரும் கொள்ளைநோயும் சேர்ந்து வரும் என்று அதில் இருக்கிறதாம். இல்லை, அது 'கொள்ளைநோய்' இல்லை, 'பஞ்சம்' என்று இன்னொரு கூட்டம். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். மக்கள் தாங்கள் படுகிற பாட்டுக்கு ஏற்ப ஞாபகத்தை மாற்றிக்கொள்கிறார்கள், நாளைக்குப் பஞ்சம் வந்தால் 'பஞ்சம்' என்றே பாடுவார்கள் என்று எழுதுகிறார் மனுஷன். நம்ம ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்த மாதிரியே இருக்கு.

ஒரு மருத்துவனாக என்னை உட்கார வைத்த இடங்கள் இரண்டு. நோயாளியைக் கவனித்துக்கொண்டவருக்கு நோய் தொற்றியது, நோயாளிகளிடம் அதிகம் போன மருத்துவர்களே அதிகம் செத்தார்கள் என்று பதிவு செய்கிறார். அந்தக் காலத்து கிரேக்க வைத்தியம் நோயைக் காற்றிலும் உடலின் நீர்மங்களிலும் தேடிக்கொண்டிருந்தது. அடுத்தது, ஒருமுறை வந்து பிழைத்தவர்களுக்கு மறுபடி உயிர்போகிற அளவுக்கு வரவில்லை, அதனால் பயமில்லாமல் மற்றவர்களைக் கவனித்தவர்கள் அவர்களே என்கிறார். தடுப்பூசி வர இன்னும் 2,000 வருஷத்துக்கு மேல இருக்கு!

காரணம் என்ன? அதை வேறு யாராவது சொல்லட்டும், மறுபடி வந்தால் அடையாளம் தெரியும்படி அறிகுறிகளை மட்டும் எழுதுகிறேன் என்கிறார். எண்ணிக்கையிலும் அதே கவனம். பொட்டிடியா முற்றுகைக்குப் போன 4,000 காலாட்படையினரில் 40 நாளில் 1,050 பேர் செத்தார்கள். மொத்தத்தில் படைவரிசையில் இருந்தவர்களில் 4,400 பேரும் குதிரைப்படையில் 300 பேரும். மற்ற ஜனங்கள்? கணக்கிட முடியாது என்று எழுதிவிட்டு நகர்கிறார்.

சரி, உங்க டயக்னோசிஸ் என்ன? டைபாய்டா, டைபஸா, பெரியம்மையா? 2006இல் ஏதென்ஸின் பழைய இடுகாட்டுப் பிணக்குழியில் கிடைத்த பற்களில் டைபாய்டு கிருமியின் மரபணு இருப்பதாக ஒரு குழு சொன்னது. மற்ற ஆய்வாளர்கள் அந்த முடிவை மறுத்தார்கள். இன்னும் முடியவில்லை.

இப்போ தளபதி கதைக்கு வருவோம். ஏதென்ஸில் வருஷத்துக்கு 10 தளபதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். கி.மு. 424இல் அதில் ஒருவர் துசிடிடீஸ். திரேஸ் பகுதியில் அவருக்குத் தங்கச் சுரங்க உரிமை, செல்வாக்கு எல்லாம் உண்டு. அனுப்பியதும் அங்கேதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஸ்பார்ட்டாவின் பிராசிடாஸ், பனி பெய்த ஓர் இரவில் பாலத்தைப் பிடித்து ஆம்ஃபிபோலிஸ் வாசலில் வந்து நின்றார். ஏதென்ஸுக்குக் கப்பல் மரமும் வருமானமும் தந்த ஊர். துசிடிடீஸ் அரைநாள் கடல் தூரத்தில் தாசோஸ் தீவில் இருந்தார். தகவல் வந்ததும் 7 கப்பலோடு கிளம்பினார். அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று பிராசிடாஸ் சுலபமான நிபந்தனை கொடுத்தார்: இருக்கிறவன் சொத்தோடு இரு, போகிறவன் 5 நாளில் போ. ஊர் சரணடைந்தது. அன்று சாயங்காலமே துசிடிடீஸ் ஆற்று முகத்துவாரத்தில் எயோனுக்கு வந்து சேர்ந்தார். எயோனைக் காப்பாற்றினார். ஆம்ஃபிபோலிஸ் போயிற்று. தண்டனை, 20 வருஷம் நாடுகடத்தல்.

இதை அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்க. 'நான்' இல்லை. ஒலோரஸின் மகன் துசிடிடீஸ் என்று, யாரோ ஒருவரைப் போல. தண்டனை விஷயமே அந்த இடத்தில் இல்லை. ரொம்ப தள்ளி, வேறொரு அத்தியாயத்தில், நாடுகடத்தப்பட்டதால் இரண்டு தரப்பையும் நிதானமாகக் கவனிக்க முடிந்தது என்று போகிற போக்கில் சொல்கிறார். ஸ்பார்ட்டா பக்கத்து ஆட்களிடமும் விசாரித்தே புத்தகம் எழுதினார்.

தாய் மரணம் நடந்தால் எங்கள் துறையில் தணிக்கைக் கூட்டம் நடக்கும். பல வருஷம் முன்னால் அப்படி ஒன்றில் என் கேஸ் ஷீட்டை வாசித்தார்கள். எத்தனை மணிக்கு அழைத்தார்கள், எத்தனை மணிக்குப் போனேன், இரண்டும் சரியாகவே இருந்தது. நடுவில் இருந்த 40 நிமிஷத்துக்கு மட்டும் மூன்று வரி விளக்கம் எழுதியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. அந்த மூன்று வரியும் எனக்காக எழுதியது என்பது எனக்குத் தெரியும்.

அதற்காக துசிடிடீஸை மகானாக்க வேண்டாம். தாசோஸில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவர் சொல்லவே இல்லை. தன் கப்பல்கள் வேகமாக வராவிட்டால் விடிவதற்குள் எயோனும் போயிருக்கும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அது அவருடைய மூன்று வரி! அரசியல்வாதி கிளியோனைப் பற்றி எழுதும்போது பேனா கொதிக்கிறது. நாடுகடத்தலுக்குப் பின்னால் இருந்தது கிளியோன்தான் என்று பிற்காலத்து வாழ்க்கைக் குறிப்பு ஒன்று சொல்கிறது. துசிடிடீஸ் சொல்லவில்லை.

கி.மு. 404இல் ஏதென்ஸ் தோற்றது. தண்டனைக் காலமும் முடிந்தது. முழுப் போரையும் பார்த்தவர், ஆனால் புத்தகம் கி.மு. 411உடன் நிற்கிறது. ஒரு பாரசீக ஆளுநர் எபேசஸுக்குப் போய் ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்குப் பலி கொடுக்கிறார். அதோடு சரி, அடுத்த வரி இல்லை.