ஆதி அமெரிக்கக் குடியேற்றங்களிற் சமூகமும் சமயமும்

வட அமெரிக்காவின் கீழைக் கரையிலே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அமைத்த குடியேற்றங்களைச் சமயச் சுதந்திரம் நாடிச் சென்றோரின் ஆக்கம் எனக் கூறுதல் பெருவழக்காயுள்ளது. இக்கூற்று பாதி உண்மையேயாம். 1607இல் வேர்ஜீனியாவின் ஜேம்ஸ்ரவுனிற் குடியேறியோரை அங்கு அனுப்பியது இலண்டன் வணிகக் கம்பனியொன்றின் ஊதிய வேட்கை. 1620இல் 'மேபிளவர்' என்னுங் கப்பலிற் சென்று பிளிமதில் இறங்கிய 102 பேருள்ளும் ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைப்பு நாடி வந்தவரே. சமயமே முதன்மையான காரணமாக அமைந்த பெருங் குடியேற்றம், 1630இல் யோன் வின்துறொப்பின் தலைமையிற் சென்றோர் நிறுவிய மசாச்சூசெற்ஸ் ஆகும்.

இவர்கள் பியூரித்தானியர் எனப்பட்டனர். இங்கிலாந்துத் திருச்சபையில் எஞ்சியிருந்த உரோமச் சடங்குகளை அகற்றி, வேதாகமம் கூறியவாறே வழிபாட்டை அமைத்தல் வேண்டுமென்பது அவர்தம் கொள்கை. அவர்கள் நாடியது தம் சமயத்தைத் தாம் விரும்பியவாறு நடத்தும் உரிமையேயன்றி, எல்லார்க்கும் பொதுவான சுதந்திரமன்று. அத்தகைய சுதந்திரத்தை அவர்கள் எவர்க்கும் வாக்களித்ததுமில்லை. ஆதலின், பின்னர் நிகழ்ந்த கொடுமைகளை நோக்கி அவர்களை வேடதாரிகள் எனப் பழித்தல் பொருந்தாது.

மசாச்சூசெற்சிலே நிலம் பெரும்பாலும் ஊர்த்தொகுதிகளுக்கே வழங்கப்பட்டது. ஊரவர் அதனைத் தம்முட் பகிர்ந்துகொண்டனர். ஊர் நடுவே பொதுப் புற்றரையும் அதனருகே கூட்டமண்டபமும் இருந்தன. வழிபாடும் ஊர்க்கூட்டமும் ஒரே மண்டபத்தில் நடைபெற்றன. அங்கே பலிபீடமில்லை, உருவங்களில்லை, இசைக்கருவியுமில்லை. ஆடவரும் பெண்டிரும் வேறுவேறாக அமர்ந்தனர். கடவுள் முன்னிலையில் யாவரும் பாவிகளே என்று போதிக்கப்பட்ட அம்மண்டபத்தில், இருக்கைகள் மட்டும் செல்வமும் வயதும் மதிப்பும் நோக்கியே ஒதுக்கப்பட்டன! ஞாயிறுதோறும் காலையும் மாலையும் நீண்ட பிரசங்கங்கள் நிகழ்ந்தன. குளிர்காய நெருப்பும் இல்லாத அம்மண்டபத்தில் உறங்குவோரைக் கோல்கொண்டு எழுப்புதற்கு அலுவலர் ஒருவர் இருந்தார்.

நத்தார்ப் பண்டிகைக்கு வேதாகமத்தில் ஆதாரமில்லையென்று, அதனைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து சிலிங் தண்டம் விதிக்கும் சட்டம் 1659இல் இயற்றப்பட்டது. 1681இலேயே அது நீக்கப்பட்டது. திருமணத்தையும் அவர்கள் திருச்சபைச் சடங்காகக் கொள்ளாது ஒப்பந்தமாகவே கொண்டனர். அதனை நடத்திவைத்தவர் குருவல்லர், நீதவானே.

குருமாரின் ஆட்சி அங்கு நிலவிற்றென்று கூறுவோருமுளர். குருமார் அரசபதவி வகிக்கவில்லையாதலின் அது முற்றும் சரியன்று. ஆயினும், 1631ஆம் ஆண்டு விதியின்படி திருச்சபை உறுப்பினரான ஆடவரே வாக்குரிமை பெற்றனர். உறுப்பினராவதற்கோ, இறையருள் தம் உள்ளத்திற் பதிந்தவாற்றைச் சபையின்முன் எடுத்துரைத்து, அதன் ஏற்பைப் பெறுதல் வேண்டும். இவ்வாறு உள்ளத்தின் அந்தரங்க அனுபவமே குடியுரிமைக்கு அளவுகோலாயிற்று. உறுப்புரிமை பெறாதோரும் வழிபாட்டிற்குச் செல்லவும் குருவின் வேதனத்திற்கு வரியிறுக்கவும் கடமைப்பட்டிருந்தனர்.

வேதாகமத்தைத் தாமே வாசித்தல் வேண்டுமென்ற கொள்கையால் விளைந்த நன்மை கல்வியாகும். 1636இல் ஹாவாட் கல்லூரிக்கு அடிகோலப்பட்டது. 50 குடும்பங்களுள்ள ஊர் எழுத்தறிவிக்கும் ஆசிரியர் ஒருவரையும், 100 குடும்பங்களுள்ள ஊர் இலத்தீன் முதலியன கற்பிக்கும் இலக்கணப் பள்ளியொன்றையும் நடத்தவேண்டுமென 1647இற் சட்டம் பிறந்தது. இம்மரபின் அலை யாழ்ப்பாணத்தையும் எட்டியது. 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவப்பட்ட செமினரியின் முதல் அதிபர் தானியேல் பூர், மசாச்சூசெற்சிலுள்ள டான்வேசிற் பிறந்தவரே.

எழுத்தறிந்தோர் தாமே ஆராய்வதும் இயல்பன்றோ? றொஜர் வில்லியம்ஸ் என்னும் இளங்குரு, ஆதிக்குடிகளின் நிலத்தை வழங்க ஆங்கில மன்னர்க்கு உரிமையில்லை என்றும், மனச்சாட்சியைத் தண்டிக்க நீதவானுக்கு அதிகாரமில்லை என்றும் போதித்தார். 1635இல் அவரை நாடுகடத்தத் தீர்ப்பாயிற்று. அடுத்த சனவரியிற் பனியினூடே தப்பிச்சென்ற அவர்க்குப் புகலளித்தோர் அவ்வாதிக்குடிகளே. நரகன்செற் தலைவரிடம் நிலம் பெற்று 1636இற் பிறொவிடன்ஸ் என்னும் ஊரை அவர் நிறுவினார். அதனின்றும் வளர்ந்ததே றோட் ஐலண்ட்.

ஆன் ஹச்சின்சன் அம்மையார் வழக்கு இதனினும் நுணுகி நோக்கத்தக்கது. மருத்துவிச்சியாகப் பணியாற்றிய அவர், பொஸ்ரனிலே தம் இல்லத்திற் பெண்களைக் கூட்டிப் பிரசங்கங்களை ஆராய்ந்தார். நாளடைவில் ஆடவரும் வந்தனர். குருமாருட் பலர் இறையருளை விடுத்து நற்செயலையே வலியுறுத்துகின்றனர் என்பது அவர் குறை. 1637 நவம்பரில் வின்துறொப் தலைமையில் விசாரணை நடந்தது. வினாக்களுக்கெல்லாம் அவர் தளராது விடையிறுத்தார். ஆனால், இறைவன் தமக்கு நேரே வெளிப்படுத்துகின்றான் என்று இறுதியிற் கூறியதே அவரை வீழ்த்தியது. அவரும் நாடுகடத்தப்பட்டார். உள்ளத்தில் அருள் பதிந்ததற்குச் சான்று கேட்ட சமூகம், அவ்வருள் பேசியதென்றதும் அஞ்சிற்று.

அவருடைய தோழியான மேரி டயர் பின்னர்க் குவேக்கர் சமயத்தைச் சார்ந்தார். மீண்டுவரும் குவேக்கர்க்கு மரணதண்டனை என்று 1658இற் சட்டமிருந்தும் அவர் பொஸ்ரனுக்குத் திரும்பினார். 1659இல் தூக்குமரத்தடியில் உயிர்ப்பிச்சை அளிக்கப்பட்டது. ஆயினும் மறுபடியும் வந்து, 1660 யூன் முதலாந் திகதி தூக்கிலிடப்பட்டார். இத்தண்டனைகளைத் தடுக்க 1661இல் இரண்டாம் சாள்சு மன்னரின் ஆணை வேண்டியதாயிற்று. அதே மன்னர் 1663இல் றோட் ஐலண்டுக்கு வழங்கிய சாசனம், சமயக் கருத்து வேற்றுமைக்காக எவரையும் துன்புறுத்தலாகாது என உறுதிசெய்தது.

ஏனைய குடியேற்றங்களுள் மேரிலண்ட் 1649இல் இயற்றிய சகிப்புச் சட்டம், திரித்துவத்தை ஏற்ற கிறித்தவர்க்கே பயன்பட்டது. வேர்ஜீனியாவிலோ, ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை விடுதலை பெறான் என்று 1667இற் சட்டமாயிற்று. ஆன்மாவைக் கரையேற்ற உதவும் சமயம் விலங்கை அவிழ்க்கலாகாது என்பதே அங்குள்ள தோட்ட முதலாளிமாரின் துணிபு.

மசாச்சூசெற்சில் 1691ஆம் ஆண்டுச் சாசனம் வாக்குரிமையைத் திருச்சபையினின்றும் பிரித்துச் சொத்துடன் இணைத்தது. எனினும், குருமார்க்கென வரியிறுக்கும் முறை குடியரசு தோன்றிய பின்னரும் அங்கு தொடர்ந்து, 1833இலேயே ஒழிந்தது.