விடுபட்ட எழுத்து

வாசுதேவநல்லூரைப் பற்றி எழுதப் புகுந்த சரித்திர ஆசிரியர்கள் எல்லோரும் பூலித்தேவரின் கோட்டையைப் பற்றித்தான் எழுதுவார்கள். அது நியாயந்தான். 1759-ஆம் ஆண்டில் கான்சாகிபு பீரங்கிகளோடு வந்து மோதி, வெறுங்கையோடு திரும்ப நேர்ந்த கோட்டை அல்லவா அது! நான் சொல்லப்போவது அதே ஊரில் நடந்த வேறொரு முற்றுகை. முற்றுகையிட்டவர் எங்கள் தாத்தா. கோட்டையோ, ஒரு ஆங்கில வாரப் பத்திரிகையில் அச்சாகி வந்த குறுக்கெழுத்துக் கட்டம். கடைசிவரை கோட்டை விழவில்லை. ஆச்சியின் சங்கிலிதான் விழுந்தது.

தாத்தாவின் தகரப் பெட்டியில் நீளமான ஒரு கணக்கு நோட்டு இருந்தது. அதில் வரவும் இல்லை, செலவும் இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கிலச் சொற்கள். மூன்றெழுத்துச் சொற்கள் ஒரு பக்கம், நான்கெழுத்துச் சொற்கள் ஒரு பக்கம். அதற்குள்ளும் பிரிவுகள் உண்டு: இரண்டாம் எழுத்து ஏ, முடிவில் இரண்டு எல் என்று தலைப்புப் போட்டு, அதன் கீழ் வரிசை வரிசையாகச் சொற்கள். அகராதியில் முதலெழுத்துத் தெரிந்தால்தான் சொல்லைத் தேடலாம். நடு எழுத்தும் கடை எழுத்தும் மட்டும் தெரிந்தவனுக்கு அகராதி கதவைத் திறக்காது. ஆகவே மனிதர் தமக்கென்று ஓர் அகராதியைத் தாமே செய்துகொண்டார்.

ஒருநாள் அதை அவர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாராம்: "பால், கால், வால்..." அடுக்களையிலிருந்து ஆச்சி கேட்டாளாம்: "மாடா வாங்கப் போறிய? பாலு, காலு, வாலுன்னு சொல்லுதியளே!"

மாடு வாங்கியிருந்தால் பாலாவது மிஞ்சியிருக்கும்.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பவர், 'நியூயார்க் வோர்ல்ட்' பத்திரிகையின் 1913 டிசம்பர் 21-ஆம் தேதி ஞாயிறு இதழில், வைர வடிவத்தில் ஒரு கட்டம் அமைத்து வெளியிட்டார். 1924-இல் அது புத்தகமாக வந்து பித்துப் பிடித்தது. 1930-இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையும் அதற்கு இடம் கொடுத்தது. அங்கேயெல்லாம் அது காலைக் காப்பியோடு மூளைக்கு ஒரு தேகப்பயிற்சி. நம் நாட்டில் அதோடு பணமுடிப்பும் சேர்ந்துகொண்டது. எஸ். எஸ். வாசன் 1928-இல் வாங்கி நடத்திய 'ஆனந்த விகடன்', 1930-களில் தமிழில் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. பத்திரிகை பரவியது, கண்டனமும் கூடவே பரவியது.

பரிசுப் போட்டியின் சூட்சுமம் என்ன? ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். ஆனால் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துப் பொருந்தும். உதாரணத்துக்கு நானே ஒன்று செய்து காட்டுகிறேன். முதலில் டபிள்யூ, பிறகு ஒரு காலிக் கட்டம், அப்புறம் இரண்டு எல். குறிப்பு: 'கிராமத்தில் வீடு கட்டுகிறவனுக்கு முதலில் வேண்டியது.' ஏ போட்டால் சுவர். இ போட்டால் கிணறு. ஐ போட்டால் மன உறுதி. எது சரி? மூன்றும் சரி. ஆனால் பரிசு, பத்திரிகைக்காரர் முன்பே எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்த விடைக்குத்தான். தமிழிலும் இதைச் செய்யலாம். 'பா' என்று தொடங்கும் ஈரெழுத்துச் சொல், குழந்தை தூங்க வேண்டியது: பாலா, பாயா?

சற்றே கணக்குப் பார்ப்போம். பத்துக் குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடைகள் பொருந்தும் என்றால் 1,024 விதமாகப் பூர்த்தி செய்யலாம். மூன்று விடைகள் என்றால் 59,049 விதம். ஒரு கூப்பனுக்கு நாலணா வீதம் முதல் கணக்குக்கே 256 ரூபாய் ஆகும். இரண்டாவதற்கு 14,762 ரூபாயும் நாலணாவும். நோட்டு எத்தனை தடிமனாக இருந்தும் பயன் என்ன? தாத்தா சொல்லைத் தேடினார். தேட வேண்டியிருந்ததோ இன்னொருவர் மனத்திலிருந்த எழுத்தை.

இதைத்தான் கடைசியில் சட்டமும் சொல்லிற்று. 1955-இல் பார்லிமெண்ட் பரிசுப் போட்டிகள் சட்டத்தை நிறைவேற்றியது. 1956 ஏப்ரல் முதல் தேதி அது அமலுக்கு வந்தது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது. ஒரு போட்டிக்கு 2,000 நுழைவுகளுக்கு மேல் கூடாது என்று அது வரம்பு கட்டியது. பெங்களூரிலிருந்து வந்த 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' வாரப் பத்திரிகையின் மூலம் பெரும் போட்டி நடத்திய சமர்பாக்வாலா வழக்காடினார். 1957 ஏப்ரல் 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சூதாட்டம் அரசியல் சட்டம் காக்கும் வியாபாரம் ஆகாது. உண்மையாகவே திறமையால் வெல்லும் போட்டியை இந்தச் சட்டம் தொடாது என்பது அதன் சாரம். திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் இடையே கோர்ட் அன்று போட்ட கோட்டை வைத்துக்கொண்டு பின்னாளிலும் வக்கீல்கள் வாதாடியிருக்கிறார்கள்.

தாத்தாவுக்கு நியாயம் செய்யாமல் முடிக்கக் கூடாது. அந்த நோட்டு வெறும் பைத்தியக்காரத்தனம் அன்று. இரண்டாம் எழுத்தை வைத்துச் சொல்லைத் தேடுவது தமிழனுக்குப் புதியதா? எதுகை என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறோம். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி, ஒருசொல் பல பொருள் சொல்வது, ககர எதுகை முதலாக இரண்டாம் எழுத்து வரிசையிலேயே அமைந்திருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதி செய்தபோது, நான்காவது பகுதியாகத் தொடையகராதியை வைத்தார். செய்யுள் செய்கிறவன் எதுகைக்குத் தடுமாறும்போது கை கொடுக்க வந்த நூல் அது. எங்கள் தாத்தா, தாம் அறியாமலே, அந்தப் பரம்பரையில் வந்தவர். புலவர்கள் பாட்டுக்குத் தேடினார்கள். அவர் பணத்துக்குத் தேடினார்.

இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடுகிறது. எத்தனை எழுத்து, எந்த எழுத்து எந்த இடத்தில் என்று சொன்னால் போதும். நோட்டு முழுவதும் திரையில் வந்து நிற்கும். சொந்தமாக ஒரு சதத்தையும் இழக்காமல் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

தாத்தா போன பிறகு, பழைய காகிதக்காரனுக்குப் பெட்டியைக் காலி செய்யும்போது, ஆச்சி அந்த நோட்டை மட்டும் கொடுக்கவில்லை. அதற்கு என்ன விலை போகும் என்று காகிதக்காரன் நிறுத்துப் பார்க்கப் போனான். ஆச்சி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது ஒன்பது பவுனு. ஒன் தராசு தாங்காது, வையி!"