பிணம் என்று நம்பிய உடல்

பெரியபுராணத்தில் திருநகரச் சிறப்பை நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும். இளவரசனின் தேர்க்காலில் கன்று தானாக வந்து புகுந்தது. அவன் அதைப் பார்க்கவுமில்லை. பிறகு அவன்மேல் என்ன குற்றம்? அமைச்சர்களும் ஏறத்தாழ இதையே நினைக்கிறார்கள். பசுக்கொலைக்கு மறையவர் விதித்த கழுவாயைச் செய்தால் போதும் என்பது அவர்கள் யோசனை. சோழன் இசையவில்லை. வேறொருவன் செய்தால் கொல்வது, என் மகன் செய்தால் கழுவாய் தேடுவது, இது என்ன நீதி என்று திருப்பிக் கேட்கிறான். மன்னனின் நடுநிலையை வியந்து நாம் பாடத்தை முடித்துவிடுகிறோம். மாணவரின் கேள்வி அப்படியே நிற்கிறது. அரசன் எடைபோட்டது கன்றின் சாவையும் தாய்ப்பசுவின் துயரையும்தான். மகனின் மனத்தை அவன் தராசில் வைக்கவே இல்லை.

இந்த மனுநீதிச் சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை உண்டு. அதே நீதிமன்றம் 1919இல் அளித்த ஒரு தீர்ப்பைப் பற்றிச் சட்டக் கல்லூரியில் பணியாற்றும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். பழனிக் கவுண்டன் வழக்கு என்பது அதன் பெயர். சட்டம் படித்தவர்களுக்குப் பழகிய பெயர்; நம் போன்றோர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

செய்தி சிறியது. கணவன் ஒருவன் தன் மனைவியைக் கலப்பைக் கொழுவால் தலையில் அடிக்கிறான். அவள் உணர்விழந்து விழுகிறாள். இறந்துவிட்டாள் என்று அவன் நம்புகிறான். பழி தன்மேல் வராதிருக்க, அவளே தூக்கிட்டுக்கொண்டாள் என்று தோன்றும்படி உத்திரத்தில் கயிற்றைக் கட்டி உடலை அதில் மாட்டுகிறான். ஆனால் அதுவரை அவள் இறக்கவில்லை. அடியினால் போகாத உயிர் கயிற்றினால் போயிற்று.

அமர்வு நீதிமன்றம் இதைக் கொலை என்றது. மேல்முறையீட்டில் வழக்கு உயர் நீதிமன்றம் வந்து, தலைமை நீதிபதி சர் ஜான் வாலிஸ் அடங்கிய முழு அமர்வின் முன் வைக்கப்பட்டது. இதில் ஐயப்பட என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அடித்தவனும் அவன், தூக்கில் மாட்டியவனும் அவன், செத்தவள் அவன் மனைவி. சட்டம் இதை அப்படிப் பார்ப்பதில்லை.

மனம் குற்றப்படாதவரை செயல் மட்டுமே ஒருவனைக் குற்றவாளி ஆக்காது என்பது ஆங்கிலச் சட்டம் இலத்தீன் மொழியில் போற்றிவைத்திருக்கும் பழைய கோட்பாடு. குற்றச் செயல் ஒன்று, குற்ற மனம் ஒன்று, இரண்டும் வேண்டும். இதுவரை யாருக்கும் எளிதில் விளங்கும். பலரும் கவனியாமல் விடுவது, இவ்விரண்டும் ஒரே கணத்தில் கூட வேண்டும் என்பதை. பகைவனைக் கொல்வதற்குத் துப்பாக்கி வாங்க ஒருவன் காரில் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். வழியில் அவன்மேல் எந்தத் தவறும் இல்லாமல் ஒருவர் சக்கரத்தில் வந்து விழுந்து இறக்கிறார். இறங்கிப் பார்த்தால் அதே பகைவன். கொல்லும் எண்ணமும் இருந்தது, சாவும் நேர்ந்தது. ஆனாலும் இது கொலையாகாது. எண்ணம் வேறு செயலை நோக்கியிருந்தது.

இந்தியாவில் இக்கோட்பாடு எழுத்தில் வந்த கதை மெக்காலேயிடமிருந்து தொடங்குகிறது. அவர் தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் தண்டனைச் சட்ட வரைவை அளித்தது. அது சட்டமானது 1860இல். நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1 அன்று. மெக்காலேயின் கல்விக் குறிப்பைத் திட்டியே வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆயினும் இந்தச் சட்டத்தின் எடுத்துக்காட்டுகளைப் படித்தபோது அவருக்குள் இருந்த இலக்கியவாதியை மறுக்க முடியவில்லை. பிரிவுகளின் கீழே இரண்டு மூன்று வரிகளில் குட்டிக் கதைகள். பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது. ஏ, பி, இசட் என்ற எழுத்துகள்தாம். மரணம் விளைவிக்கும் குற்றத்தை வரையறுக்கும் 299ஆம் பிரிவில் ஒரு கதை இப்படிப் போகிறது: கோழி ஒன்றைக் கொன்று திருடும் நோக்குடன் ஏ சுடுகிறான். புதருக்குப் பின்னால் இருந்த பி இறந்துபோகிறான். அங்கே ஆள் இருப்பது ஏ அறியாதது. அவன் திருடன்தான், செய்துகொண்டிருந்ததும் சட்டவிரோதம்தான். என்றாலும் மரணம் விளைவித்த குற்றம் அவன்மேல் சாராது.

இதைப் படித்ததும் நினைவுக்கு வந்தவை சோழர் காலக் கல்வெட்டுகள். வேட்டையில் விலங்கின்மேல் எய்த அம்பு தவறி மனிதர்மேல் பட்டுச் சாவு நேர்ந்த நிகழ்ச்சிகள் சிலவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. ஊரார் கூடி, எய்தவன் அறிந்து கொல்லவில்லை என்பதால் அவனுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று முடிவு செய்து, கோயிலில் விளக்கெரிக்கக் கால்நடைகளை விடும்படி தீர்த்திருக்கிறார்கள். (ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காணும் கணக்கு.) காவியத்து அரசன் கேளாத கேள்வியை ஊர்ச்சபையினர் கேட்டிருக்கிறார்கள்.

வழக்குக்குத் திரும்புவோம். முழு அமர்வு அக்கணவனின் செயல்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தது. முதலில் அடி. கொல்லும் நோக்குடன் அடித்தான் என்பதோ, அந்த அடி சாவை விளைவிக்கக்கூடியது என்று அறிந்திருந்தான் என்பதோ மெய்ப்பிக்கப்படவில்லை. அடுத்தது கயிறு. ஒருவனுடைய நோக்கத்தை, இருந்த நிலைமையைக் கொண்டன்று, இருந்ததாக அவன் நம்பிய நிலைமையைக் கொண்டே அளக்க வேண்டும் என்றார் வாலிஸ். அவன் மனத்தில் அது பிணம். பிணத்தைக் கொல்ல எவனும் நோக்கம் கொள்ள முடியாது. ஆகவே இது கொலையும் அன்று; கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமும் அன்று. முதலில் தாக்கியதற்கும், பொய்ச் சான்று உண்டாக்க முயன்றதற்கும் தண்டிக்கலாம். கொடுங்காயம் விளைவித்தான் என்ற அளவில் குற்றம் நின்றது.

நண்பர் சொல்லி முடித்தபோது எனக்குக் கோபமே வந்தது. தொடக்கம் முதல் முடிவுவரை கணவன் கையாலேயே ஒரு பெண் செத்திருக்கிறாள்; அவன் அவளைக் கொல்லவில்லை என்கிறது சட்டம். நண்பர் பொறுமையாக வேறு சில வழக்குகளைச் சொன்னார். கொல்லும் எண்ணத்துடனே ஒரு பெண்ணைத் தாக்கி, இறந்தாள் என்று கருதிக் கிணற்றில் எறிந்த வழக்கு 1943இல் இதே சென்னை நீதிமன்றத்துக்கு வந்தது. தவமணி வழக்கு என்பார்கள். அது கொலையே என்று தீர்ப்பாயிற்று. ஆப்பிரிக்காவின் பசுட்டோலாந்தில் நால்வர் ஒருவனைக் குடிசைக்கு அழைத்துச்சென்று தலையில் அடித்து, பிணம் என்று நினைத்துப் பாறைச் சரிவில் உருட்டிவிட்டார்கள். அவன் அங்கே கேட்பாரற்றுக் கிடந்து மாண்டான். 1954இல் பிரிவி கவுன்சில் அதையும் கொலை என்றது. தொடக்கத்திலேயே கொல்லத் திட்டமிட்டு, அதன்படி அடுத்தடுத்துச் செய்தவற்றைத் துண்டுபோட்டுப் பார்க்க முடியாது என்பது அதன் காரணம். பம்பாய் நீதிமன்றம் 1890இல் இவ்வாறு கருதவில்லை. மாமனாரைக் கொல்ல அடித்துவிட்டு, இறந்ததாக நினைத்துக் குடிசைக்குத் தீவைத்தவனைக் கொலை முயற்சிக்கு மட்டுமே பெரும்பான்மை நீதிபதிகள் தண்டித்தார்கள்.

ஆக, பழனிக் கவுண்டன் வழக்கு முழுவதும் அந்த முதல் அடியில் தொங்குகிறது. கயிற்றைப் பற்றி வாலிஸ் சொன்னதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் இரும்புக் கொழுவைத் தலையில் இறக்கியவன் சாவை அறியாமலா இறக்கினான் என்ற இடத்தில் மனம் அடங்க மறுக்கிறது. ஐயத்தின் பயன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கே என்ற விதி அங்கே நிற்பதும் தெரியாததன்று. இன்னொன்றும் உறுத்துகிறது. கழுத்தில் சுருக்கை மாட்டும்முன் அவள் மூக்கில் கை வைத்துப் பார்த்தானா? கவனமின்மையால் மரணம் விளைவிப்பதற்கு 1870இல் சேர்க்கப்பட்ட 304-ஏ என்ற பிரிவு அன்றைக்கே இருந்தது. அதன் உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள்தாம். அந்தப் பிரிவாவது இங்கே பொருந்துமே என்று கேட்டதற்கு, கேட்கத் தகுந்த கேள்விதான் என்று மட்டும் சொன்னார் நண்பர்.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 299 இப்போது 100. கொலையை வரையறுத்த 300 இப்போது 101. எண்கள் மாறினாலும் கோழி அங்கேயே இருக்கிறது. பழனிக் கவுண்டனையும் தொடர்ந்து நடத்துகிறார்கள். கணவனின் பெயர் வழக்கின் பெயராக ஒரு நூற்றாண்டாக வழங்கிவருகிறது. பாடங்களில் அவள் ‘மனைவி’ என்ற ஒரு சொல்தான்.

நண்பர் தம் மாணவர்களுக்கு இவ்வழக்கைப் பெயரை மறைத்துத் தேர்வில் வினாவாகத் தருவதுண்டாம். முதலாண்டு மாணவர்களில் பாதிப்பேர் ‘கொலை’ என்றே எழுதுகிறார்களாம். மதிப்பெண் போடுவீர்களா என்று கேட்டேன். காரணத்தைச் சட்டப்படி எழுதாவிட்டால் போட முடியாது என்றார். எனக்கும் கிடைத்திருக்காது.